வானம் பார்த்த நாட்டில் சுகாதார நிர்வாகம்

குப்பையை அள்ளுவதும், சாக்கடையைத் தூர்வாருவதும், கொசுவுக்குப் புகை போடுவதுமே சுகாதார நிர்வாகம் என்னும் எண்ணம் பொது ஜனங்களிடம் மட்டுமல்லாமல், இந்த உத்தியோகத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களிடமும் வேரூன்றிக் கிடக்கிறது. ஆற்றுப் பாய்ச்சலுள்ள ஊர்களில் அந்த எண்ணத்தோடு ஒருவர் சில காலம் தள்ளிவிடலாம். ஆனால், அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி வரையும், வடக்கே காரியாபட்டி வரையும் பரந்து கிடக்கும் கரிசலும் செம்மண்ணும் கலந்த இந்த வானம் பார்த்த பூமியில், அவ்வாறு தொடங்குகிறவர் முதல் கோடையிலேயே திகைத்து நின்றுவிடுவார். ஏனெனில், இங்கே நோய்க்கு மூலகாரணம் அழுக்கைவிடத் தண்ணீர்ப் பஞ்சமே. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத வீடு கிடைத்ததையெல்லாம் நிரப்பி வைக்கிறது; நிரப்பி வைத்த தண்ணீரில் கொசு பிறக்கிறது; காலியாகக் கிடந்த குழாயில் சாக்கடை நுழைகிறது; கிணறு உவர்த்துப்போனவர் யாரோ வண்டியில் கொண்டுவரும் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். ஆகையால் இப்பிரதேசத்தின் சுகாதாரத் திட்டத்தை நோய்ப் பதிவேட்டிலிருந்து தொடங்காமல், தண்ணீர் முறையிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் அடிப்படை.

முதலில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். சென்னை மாகாணத்தில் 1939-இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுவது. குடிநீர், வடிகால், கழிப்பிடம், தொல்லை நீக்கம், தொற்றுநோய், கொசு ஒழிப்பு, திருவிழாச் சுகாதாரம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியிருக்கின்றன. இன்றும் நம் கையிலுள்ள பிரதான ஆயுதம் அதுவே. நகராட்சி எல்லைக்குள் துப்புரவு ஆய்வாளரும், ஊராட்சிகளில் ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சார்ந்த சுகாதார ஆய்வாளரும், அவர்களுக்கு மேலே வட்டார மருத்துவ அலுவலரும் மாவட்ட சுகாதார அலுவலரும் இதன்கீழ்ப் பணியாற்றுகிறார்கள். 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011-இல் அமலுக்கு வந்தபின் ஓட்டல், பலகாரக்கடை, பால் முதலிய உணவு விஷயங்கள் தனித் துறையின் கைக்குப் போய்விட்டன. குடிநீரைக் கொண்டுவருவது 1971-இல் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியம், பங்கிடுவது உள்ளாட்சி, அது குடிக்கத் தகுந்ததா என்று சொல்லவேண்டியது நாம். இந்த மூன்று பேரும் மாதம் ஒருமுறையாவது ஒரே மேஜையைச் சுற்றி உட்காராத ஊரில், கடிதங்கள் மட்டும் போய்வந்துகொண்டிருக்கும், தண்ணீர் சுத்தமாகாது.

பதவி ஏற்ற முதல் மாதத்தில் வேறெந்த வேலையையும் தொடங்குவதற்கு முன்னால், ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வாங்கி, தெருத் தெருவாகத் தண்ணீர்க் கணக்கு எழுதவேண்டும். அருப்புக்கோட்டை நகரம் வைகைப் படுகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் நெடுந்தூரம் குழாயில் வரும் தண்ணீரை நம்பியிருப்பது. ஆகவே எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் திறக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திறந்து எப்போது மூடுகிறார்கள், கடைசிக் குழாய் எது, எந்த வீடுகள் மேட்டில் இருக்கின்றன, எந்த வீடுகளில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இடம்பெறவேண்டும். கிராமங்களுக்குப் போனால், மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு, ஆழ்துளைக் கிணற்றின் ருசி, ஊருணியின் நிலை, தண்ணீர் வண்டி வரும் கிழமை ஆகியவற்றைக் குறிக்கவேண்டும். இந்த விவரங்களை அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுவதில் பிரயோஜனமில்லை. அவற்றை நன்றாக அறிந்தவர் வால்வைத் திருகுகிற மனிதர். அவரோடு ஒரு சுற்று நடந்தால், எந்தக் கோப்பிலும் காணாத சங்கதிகள் கிடைக்கும்.

இந்தப் புத்தகத்தின் முதல் உபயோகம் டெங்குக் காய்ச்சலைப் பற்றியது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் நல்ல தண்ணீரையே நாடுகிறது. முட்டையைத் தண்ணீரின்மேல் இடாமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கின்றன. முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்கள் பிடிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில், ஒரு முறைத் தண்ணீருக்கும் மறு முறைத் தண்ணீருக்கும் இடைப்பட்ட காலம் ஒரு கொசுத் தலைமுறைக்குச் சரியாகப் போதுமானது என்பதைக் கவனித்தால், மழையே இல்லாத சித்திரையிலும் வைகாசியிலும் இங்கே ஏன் டெங்கு காணப்படுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இதிலிருந்து பிறக்கும் நடைமுறை என்ன? வீடு வீடாகச் சென்று புழு பார்க்கும் பணியாளர்களின் சுற்றை வார்டு வரிசைப்படி அமைப்பது எங்கும் உள்ள வழக்கம். நம் பிரதேசத்தில் அதைத் தண்ணீர் முறைப்படி அமைப்பதே உத்தமம். தண்ணீர் திறப்பதற்கு முந்திய நாளில்தான் தொட்டிகளில் அடித்தண்ணீர் மட்டும் கிடக்கும். அன்றைக்குக் கொட்டிக் கழுவச் சொன்னால் மனமுவந்து செய்வார்கள். தண்ணீர் பிடித்த இரண்டாம் நாள் போய், "தொட்டியைக் கொட்டுங்கம்மா" என்று சொல்கிற பணியாளரிடம், "இந்தத் தண்ணிக்கு எத்தனை நாள் காத்துக் கெடந்தோம், அதையும் கொட்டச் சொல்றீகளே, ஒங்களுக்கே நல்லா இருக்கா?" என்று ஒரு தாயார் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் முழுவதும் அவர் பக்கமே இருக்கிறது. முறை நீண்டு தண்ணீரைக் கொட்டவே இயலாத வீடுகளில், தொட்டியின் வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டச் சொல்லவேண்டும்; அதுவும் இயலாவிட்டால் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை நிர்ணயித்த அளவில் விடவேண்டும். தண்ணீரை மதிக்கிற பணியாளரைத்தான் ஜனங்கள் வீட்டுக்குள் விடுவார்கள்.

பரிசோதனை செய்யும் விதத்தையும் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். சிமெண்டுத் தொட்டியை நெருங்கும்போதே நிழல் விழுந்தால் புழுக்கள் சடக்கென்று அடியில் இறங்கிவிடும்; எட்டிப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். டார்ச் விளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தி, ஓரிரு நிமிஷம் அசையாமல் நின்றால், மூச்சுக்காக அவை மேலே வந்து, வாலிலுள்ள சுவாசக்குழாயை நீர்மட்டத்தில் பொருத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்குவதைக் காணலாம். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. தேங்காய் நார் கொண்டு, நீர்மட்டம் நின்றிருந்த கோட்டை அழுத்தித் தேய்த்து, முட்டைகளைப் பெயர்த்தெடுத்துக் கழுவிவிட வேண்டும். தொட்டியோடு நின்றுவிடாமல், கொல்லையில் மல்லாந்து கிடக்கும் ஆட்டுரல், தேங்காய்ச் சிரட்டை, கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, விசைத்தறிக் கொட்டகையின் ஓரத்தில் போட்டுவைத்த பழைய டப்பா, பஞ்சர் கடையின் டயர் ஆகியவற்றையும் ஒன்றுவிடாமல் பார்க்கவேண்டும்.

கண்டதைக் கணக்காக்கும் முறை எளிது. 50 வீடுகளைப் பார்த்து, 6 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 12 சதவீதம். அந்த வீடுகளில் புழுவுள்ள பாத்திரங்கள் மொத்தம் 9 என்றால், நூறு வீட்டுக்கு 18 என்பது பிரிட்டோ குறியீடு. ஒரே தெருவில் இந்த எண்கள் வாரத்துக்கு வாரம் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதே முக்கியம். ஒரு தெருவில் மூன்று வாரம் தொடர்ந்து பூஜ்யம் என்று எழுதப்பட்டிருந்தால், மகிழ்ச்சியடைவதற்கு முன் நீங்களே போய்ப் பத்து வீட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும். புகை மருந்து பறக்கும் கொசுவை அப்போதைக்குக் கொல்லுமேயன்றித் தொட்டியிலுள்ள புழுவைத் தொடாது. நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி அவசரத்துக்கு அது உதவும். அதையே திட்டமாகக் கொள்வது பணவிரயம்.

அடுத்தது குளோரின். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து வெயிலிலும் ஈரத்திலும் வைத்துவிட்டால், அதன் வீரியம் நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் வெறும் சுண்ணாம்பே மிஞ்சும். நம் ஊர்க் கோடையில் தகரக் கொட்டகைக்குள் வைத்த மூட்டையின் கதி இன்னும் மோசம். ஆகவே சிறிய மூட்டைகளாக வாங்கி, நிழலான அறையில், தரையில் படாமல் பலகைமேல் வைத்து, வாங்கிய தேதியை எழுதி, முந்தியதை முந்திச் செலவிடவேண்டும். நல்ல தரமான பவுடரில், தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பாடநூல்கள் சொல்லும் கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு அது 75 கிராம் ஆகும். பவுடர் பழையதாயிருந்தாலும் தண்ணீர் கலங்கலாயிருந்தாலும் அதற்கேற்பக் கூட்டவேண்டும். அதை அப்படியே தொட்டியில் கொட்டுவது பெருந்தவறு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, வாளியை நிரப்பிக் கலக்கி, சில நிமிஷம் சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மாத்திரம் தொட்டியில் ஊற்றவேண்டும். ஊற்றியபின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே தெருவுக்குத் திறக்கலாம்.

இவ்வளவும் சரியாக நடந்ததா என்பதைத் தொட்டியடியில் சோதித்துப் பயனில்லை. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில்தான் சோதிக்கவேண்டும். குளோரின் அளவைக் காட்டும் குளோரோஸ்கோப்பின் கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, மருந்துத் துளியை விட்டதும் மஞ்சள் நிறம் தோன்றி, பக்கத்திலுள்ள மாதிரி நிறத்தோடு ஒத்தால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்லலாம். இந்தியத் தர நிர்ணயம் 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்கிறது. நிறமே வராவிட்டால், அந்தக் குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே எங்கோ அழுக்கு புகுந்து குளோரினைத் தின்றுவிட்டது என்று சந்தேகிக்கவேண்டும். அந்தச் சந்தேகத்தோடு குழாய்த்தடம் முழுதும் நடந்து பார்க்கவேண்டும்.

அப்படி நடக்கும்போது பெரும்பாலும் அகப்படுவது குழிக்குழாய். அழுத்தம் குறைவாயிருப்பதால் தண்ணீர் ஏறாத வீட்டுக்காரர்கள், வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி, குழிக்குள் குடத்தை வைத்துப் பிடிக்கிறார்கள். வேறு வழியில்லாமல் செய்கிற காரியம் அது. ஆனால் அந்தக் குழியில் தெருச்சாக்கடையும் துணி துவைத்த தண்ணீரும் தேங்குகின்றன. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் ஏற்பட, குழியில் நிற்பதையும் வெடிப்புகளின் அருகே நிற்பதையும் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுத்த முறை திறந்ததும் முதலில் வருவது அந்த நீரே. பக்கத்து வீட்டார் மோட்டார் போட்டால் இழுப்பு இன்னும் பலமாகிறது. வயிற்றுப்போக்கு ஒரே தெருவில் திரளாகத் தோன்றினால் நான் முதலில் தேடச் சொல்வது இந்தக் குழிகளைத்தான். குழியை மூடு என்று நோட்டீஸ் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவுக்குத் தனி வால்வு வைத்து அழுத்தத்தைக் கூட்ட வழியுண்டா என்று பொறியாளரைக் கேளுங்கள். அதுவரை, முதல் சில குடங்களைக் குடிக்கப் பிடிக்காமல் புழங்குவதற்கு வைத்துக்கொள்ளும்படி வீடு வீடாகச் சொல்லவேண்டும்.

கிராமங்களின் உயிர்நாடி ஊருணி. வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, அடுத்த ஆனி ஆடி வரை தாக்குப்பிடிக்கும்படி முன்னோர் வெட்டிவைத்த அந்த நீர்நிலைகளை, குழாய் வந்ததும் பல ஊர்கள் கைவிட்டன. வரத்துக்கால் அடைபட்டு, கரையில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கும் ஊருணிகளைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது. குழாய் நின்ற கோடையில் ஊர் மறுபடி அதனிடமே போகிறது. அப்போது அது குடிக்கத் தகுந்த நிலையில் இல்லை. 1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில், சுற்றியிருந்த வீட்டார் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் ஒருங்கே பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் காலராக் கிருமியைக் கண்டார். குடிக்கும் ஊருணியில் கால் படக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று நம் ஊர்களில் இருந்த கட்டுப்பாட்டின் பெருமையை இதனால் அறியலாம். வேலி போட்டு, கரையருகே மணல் வடிகட்டியோடு கூடிய கிணறு அமைத்து, அதிலிருந்து இறைத்துக்கொள்ளச் செய்தால் அந்தக் கட்டுப்பாடு தானே நிலைக்கும்.

நீரை நிர்வகிப்பதாலேயே ஒரு நோய் அழிந்ததற்கு உதாரணம் நரம்புச் சிலந்தி. படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில், நோயாளியின் புண்ணிலிருந்து புழுக்குஞ்சுகள் வெளியேறி, சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிக்குள் வளர்ந்து, அந்த நீரைக் குடித்தவர் உடலில் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து முழநீளப் புழுவாய் வெளிப்படும். தடுப்பூசியும் கிடையாது, கொல்லும் மருந்தும் கிடையாது. படிக்கிணறுகளை இறைகிணறுகளாக மாற்றுவது, துணியில் வடிகட்டிக் குடிப்பது, நீரில் மருந்திடுவது, நோயாளியைத் தேடிக் கண்டு தண்ணீரில் இறங்காமல் தடுப்பது ஆகிய சாமானியக் காரியங்களாலேயே அது ஒழிந்தது. பாதிக்கப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடு முன்னதாகவே விடுபட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி ராஜஸ்தானத்தில் 1996 ஜூலையில் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார ஸ்தாபனம் நம் நாட்டை அந்நோயற்றதென்று அறிவித்தது. சுகாதார ஆய்வாளரின் வேலை சிறிய வேலை என்று மனம் தளர்கிற எவருக்கும் இந்தச் சரித்திரத்தைச் சொல்லலாம்.

ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உவர்ப்பு நாக்குக்குத் தெரியும். புளோரைடும் நைட்ரேட்டும் தெரியாது. புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம், வேறு தண்ணீர் இல்லாதபோதும் 1.5-ஐத் தாண்டக்கூடாது; நைட்ரேட் 45-க்கு மேல் கூடாது. கொதிக்கவைத்தால் இவை போகா. நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடவே செய்யும். புதிதாகப் போட்ட ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றையும் திறப்புவிழாவுக்கு முன் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மாலை போட்டு மோட்டாரை ஓட்டியபின், தண்ணீர் ஆகாது என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. உவர்ப்புக்குப் பயந்து ஜனங்கள் குடம் கணக்கில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்காது. ஆகவே வண்டித் தொட்டியும் ரப்பர் குழாயும் அழுக்காயிருந்தால் அந்தத் தண்ணீருக்குத் தற்காப்பு ஏதுமில்லை. வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு, தொட்டியை எப்படிக் கழுவுவது என்று ஒருநாள் செய்துகாட்டினால், அபராதத்தைவிட அதிக பலன் உண்டு.

தண்ணீரோடு சேர்த்துப் புகையையும் கவனிக்கவேண்டும். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது திருச்சுழிப் பக்கத்தில் பல குடும்பங்களின் ஜீவனம். மூட்டம் புகைகிற நாட்களில், காற்றடிக்கும் திசையிலுள்ள வீடுகளில் குழந்தைகளும் முதியவர்களும் மூச்சுத் திணறுகிறார்கள். தொல்லை நீக்கப் பிரிவின்கீழ் நோட்டீஸ் கொடுக்க நமக்கு அதிகாரம் உண்டு. ஆனால், ஆடிக் காற்றில் எந்தப் பக்கம் புகை போகும் என்பதைக் காட்டி, மூட்டத்தை ஊருக்குக் காற்றுக்கீழாகத் தள்ளிப் போடச் சொன்னால், பெரும்பாலோர் கேட்பார்கள். மூட்டத்தைப் பிரிக்கிறவர்கள் கைக்குழந்தையை அருகே தூளியில் போடக்கூடாது என்பதை வற்புறுத்திச் சொல்லவேண்டும்.

திருவிழாக்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அருப்புக்கோட்டையின் பங்குனிப் பொங்கலானாலும், ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகும் ஜனத்திரளானாலும், நீர்மோர்ப் பந்தலின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பிடம் குடிநீர்க்குழாய்க்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் விழாவுக்கு ஒரு வாரம் முன்னரே பார்த்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது.

இந்த வேலைகளையெல்லாம் கையால் செய்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். மனிதரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளை வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவரும் உடன் மடிவார். அவசரம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய மனிதர் வீட்டுத் தொட்டியானாலும், இயந்திரம் வரும் வரை காத்திருக்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கலாகாது. கையுறையும் காலணியும் கொடுத்ததாகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு நில்லாமல், அவை அவர்கள் அளவுக்குப் பொருந்துகின்றனவா, வெயிலில் அணிந்து வேலைசெய்ய முடிகிறதா என்று கேட்கவேண்டும். வெயில் ஏறுமுன் வேலை முடியும்படி நேரத்தை அமைப்பதும், குடிக்க நல்ல தண்ணீர் கைவசம் இருக்கச் செய்வதும் நம் கடமை.

இனி, மாறுதல் உத்தரவு வந்துவிட்டால் செய்யவேண்டியது. உங்கள் இடத்துக்கு வருகிறவரிடம் சாவியையும் பதிவேடுகளையும் ஒப்படைக்கும் அதே நாளில், முதல் மாதம் எழுதத் தொடங்கிய தண்ணீர்ப் புத்தகத்தையும் கொடுத்து, அவரை வால்வு திருகுகிறவரிடம் அழைத்துப்போய் அறிமுகம் செய்யவேண்டும். அதில் குழிக்குழாய்கள் உள்ள தெருக்களின் பட்டியல், குளோரின் எட்டாத கடைசிக் குழாய்கள், புளோரைடு மிகுந்து மூடிய ஆழ்துளைக் கிணறுகள், எந்த ஊருணியின் வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்ற விவரம் ஆகிய நான்கும் தேதியோடு இருக்கவேண்டும். உத்தரவு ஆவணி புரட்டாசியில் வந்ததானால், மழை தொடங்குமுன் வரத்துக்கால்களை மட்டும் இருவரும் சேர்ந்து ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, அடைப்பு நீக்கவேண்டிய இடங்களை ஒன்றிய அலுவலகத்துக்கு இருவர் கையெழுத்தோடும் எழுதி அனுப்புவது நலம்.